லேப்டாப் ஃபேன்: பார்க்க ஒரே மாதிரி, மாட்டினால் பொருந்தவில்லை. எதை வைத்து வாங்குவது?

காசிமேட்டுக் கணக்கு
ஏப்ரல் 27, இரவு 9.40

வணக்கம். காசிமேட்டில் மூன்று விசைப்படகு முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், வலை, ஆள்களின் பங்கு, ஏலத்தில் விழுந்த தொகை எல்லாம் இந்த ஒரே லேப்டாப்பில்தான் இருக்கின்றன. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இல் கரையில் கட்டிய படகுகள் ஜூன் 14 வரை அசையாது. பழைய பாக்கியை எல்லாம் நேர் செய்ய எனக்குக் கிடைப்பது இந்த 61 நாள்தான். படகுகள் மறுபடி இறங்கிவிட்டால் உட்காரவே நேரம் இருக்காது.

லேப்டாப் 2018இல் வாங்கியது. 15 அங்குலம், ஐ5. தம்பி அனிமேஷன் படித்த சமயம் என்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். பிப்ரவரியில் ஃபேன் அரைக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. மார்ச் கடைசியில் சத்தம் நின்றது. ஃபேனே நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது ஆன் செய்தவுடன் ஃபேன் வேலை செய்யவில்லை என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. அதைத் தாண்டிப் போனாலும் கால் மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. லேப்டாப்பைப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிரே டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன்.

முதலில் லேப்டாப்பின் பெயரைப் போட்டு ஆன்லைனில் தேடி 650 ரூபாய்க்கு ஒரு ஃபேன் வாங்கினேன். படத்தில் அச்சு அசல் இதேதான். வந்த பிறகு பார்த்தால் மூன்று திருகுத் துளைகளில் இரண்டுதான் பொருந்துகின்றன. மூன்றாவது 4 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. காற்று வெளியேறும் வாயும் பழையதைவிடக் குறுகல்.

சரி, நேரில் பார்த்து வாங்கலாம் என்று புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் எடுத்துக் கொடுத்ததில் துளை மூன்றும் சரி, வாயும் சரி. ஆனால் என் பழைய ஃபேனில் நான்கு வயர், அதில் மூன்று. கேட்டதற்கு, "அஞ்சு வோல்ட்டுன்னா எல்லாம் ஒண்ணுதாம்மா, போட்டா ஓடும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வயர் குறைந்தால் என்ன ஆகும்? வாய் குறுகலாக இருப்பதை ஒன்றும் செய்ய முடியாதா? லேப்டாப்பின் அடியில் இருந்த ஸ்டிக்கர் தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. முழு மாடல் எண்ணை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஃபேன், ஆன்லைனில் வாங்கியது, கழற்றிய அடிப்பக்கம் மூன்றின் படங்களும் இணைத்திருக்கிறேன். புது லேப்டாப் வாங்கும் நிலையில் இப்போது நான் இல்லை.


பெரம்பூர் மாணவன்
ஏப்ரல் 27, இரவு 10.15

அக்கா, என் நண்பனுக்கும் இதே மாதிரி ஆனது. அவன் நான்காவது வயரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பழைய ஃபேனின் கனெக்டரில் ஒட்டிவிட்டான். ஓடுகிறது. நீங்களும் அப்படிச் செய்யலாமே? அதுவரை ஒரு கூலிங் பேட் வாங்கி அடியில் வையுங்கள். கணக்கு வேலைக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். எதற்கும் ஃபைல் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்துவிடுங்கள் அக்கா.


தண்டையார்பேட்டை மேசை
ஏப்ரல் 28, காலை 6.50

தம்பி, பென் டிரைவ் யோசனைக்கு நன்றி, அதை அவர் இன்றைக்கே செய்யட்டும். வயரை ஒட்டுவது மட்டும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தங்கச்சி, வாங்காமல் வந்தது நல்ல காரியம். வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுப் பதினான்கு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். ஃபேன் மாற்றியதால் கெட்டது என்று என்னிடம் வந்த போர்டுகளில் பெரும்பாலானவை "போட்டா ஓடும்" என்ற சொல்லை நம்பியவர்களுடையவை. உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வயர். சிவப்பு 5 வோல்ட், கருப்பு தரை (கிரவுண்ட்). மூன்றாவது வயர் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குத் தகவல் கொண்டுபோகிறது. இந்தத் தகவல் வராததால்தான் உங்களுக்கு ஆன் செய்யும்போதே எச்சரிக்கை வருகிறது. நான்காவது, "இப்போது மெதுவாக ஓடு, இப்போது வேகமாக ஓடு" என்று போர்டு ஃபேனுக்குக் கட்டளை அனுப்புகிற வயர். மூன்று வயர் ஃபேனுக்கு ஏற்ற போர்டு, வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும். நான்கு வயர் போர்டு 5 வோல்ட்டை அப்படியே கொடுத்துவிட்டு நான்காவது வயரில்தான் பேசும். அந்த வயர் இல்லாத ஃபேனை அதில் போட்டால் ஓடும்தான், எப்போதும் முழு வேகத்தில் ஓடும். ராத்திரி சும்மா திறந்து வைத்திருந்தாலும் இரைச்சல். பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கனெக்டரில் வயர்கள் நிற்கிற வரிசை. எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வரிசையில் வைப்பதில்லை, நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. மஞ்சள், நீலம், வெள்ளை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தகவல் போகிற பின்னில் 5 வோல்ட் ஏறிவிட்டால் 900 ரூபாய் ஃபேனுக்காகப் போர்டையே இழக்க நேரிடும். வெட்டி ஒட்டுவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

அடுத்தது லேபிள். பழைய ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் இருக்கிறதே, படத்தில் வெளிச்சம் பட்டு மறைந்துவிட்டது. அதில் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். சாதாரண லேப்டாப் ஃபேன் பெரும்பாலும் 5 வோல்ட், சில கேமிங் லேப்டாப்பில் 12 வோல்ட் வரும். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் போட்டால் மந்தமாகச் சுற்றும், இல்லை நின்றுவிடும். 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட்டில் போட்டால் கருகும். அதற்குப் பக்கத்தில் ஆம்பியர். 0.5 என்று இருந்தால் அதையொட்டியே வாங்குங்கள்.

அப்புறம் அதே லேபிளில் இரண்டு விதமான எண் இருக்கும். ஒன்று ஃபேனைச் செய்த தயாரிப்பாளரின் எண். டெல்டா, சுனான், ஏவிசி என்று பெயரும் கூட இருக்கும். இன்னொன்று லேப்டாப் கம்பெனி கொடுத்த உதிரிபாக எண். நமக்கு முக்கியம் இந்த இரண்டாவதுதான். ஒரே உதிரிபாகத்தை லேப்டாப் கம்பெனிகள் இரண்டு மூன்று தயாரிப்பாளரிடம் வாங்குவது வழக்கம். அதனால் உங்கள் பழைய ஃபேன் டெல்டாவாக இருந்து, கடையில் கிடைப்பது சுனானாக இருந்தாலும், உதிரிபாக எண் ஒன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம். எச்பியில் அந்த எண் ஆறு எழுத்து, ஒரு கோடு, பின்னால் மூன்று இலக்கம் என்று வரும். டெல்லில் ஐந்து எழுத்து. லெனோவோவில் எஃப்ஆர்யூ எண் என்பார்கள். சில சமயம் இந்த எண் ஃபேனில் அச்சாகியிருக்காது. அப்போது கம்பெனியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்க வேண்டும். மூன்று கம்பெனியுமே அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எச்பி கையேட்டில் படத்தோடு ஒவ்வொரு உதிரிக்கும் எண் போட்டிருக்கும்.

கையேடு தேட முழு மாடல் எண் வேண்டும். ஸ்டிக்கர் அழிந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் சிஸ்டம் மாடல், சிஸ்டம் எஸ்கேயு என்று இரண்டு வரி இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் 650 ரூபாய் ஃபேனுக்கு வருகிறேன். எனக்குத் தோன்றுவது இது: அது உங்கள் லேப்டாப் வரிசைக்கு உரிய ஃபேன்தான், தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்புக்கு உரியது. ஒரே பெயர், ஒரே மூடி, ஒரே கீபோர்டு. உள்ளே சூட்டை வெளியே கடத்துகிற ஹீட்சிங்க் வேறு. உங்கள் படத்தில் இரண்டு செப்புக் குழாய்கள் போகின்றன பாருங்கள், ஒன்று பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து, இன்னொன்று துணைக்கு. வெளியேற்ற வேண்டிய சூடு அதிகம் என்பதால் முனையில் இருக்கும் தகடுகளின் வரிசையும் அகலம். அதற்கேற்ப ஃபேன் வாயும் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாயை வைத்தால் ஓரத் தகடுகளுக்குக் காற்றே போகாது. இடைவெளியை டேப் ஒட்டி அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லேப்டாப் பெயரை மட்டும் போட்டு வாங்குகிற எல்லோரும் விழுகிற குழி இதுதான், உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு உங்களிடம் இருக்கும். ஒரு தாளில் பழைய ஃபேனைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். திருகுத் துளைக்குள் பென்சில் முனையை விட்டுப் புள்ளி வையுங்கள். வாயின் அகலம், ஃபேனின் தடிமன், வயரின் நீளம் மூன்றையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். தடிமனில் அரை மில்லிமீட்டர் கூடினால்கூட அடிமூடி அழுத்தி இறக்கை உரசும். தாளையும் பழைய ஃபேனையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது, அவர் தரும் ஃபேனைத் தாளின் மேல் வைத்தால் தெரிந்துவிடும்.

லேபிளின் படத்தை நிழலில் வைத்து எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.


காசிமேட்டுக் கணக்கு
ஏப்ரல் 28, பகல் 1.20

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லேபிளின் படம் இணைத்திருக்கிறேன். 5 வோல்ட், 0.50 ஆம்பியர், நான்கு வயர். நீங்கள் சொன்னபடி தேடி மாடலையும் எஸ்கேயுவையும் எடுத்துக் கையேட்டை இறக்கிவிட்டேன். அதில் ஃபேன் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி இருக்கிறது, தனி கிராபிக்ஸ் உள்ளதற்கு ஒரு எண், இல்லாததற்கு ஒரு எண். நான் வாங்கியதன் பெட்டியில் இருப்பது இரண்டாவது எண். நீங்கள் சொன்னது அப்படியே சரி.

ஒரு சந்தேகம். என் மாமா, ஃபேனின் நடு ஸ்டிக்கரைத் தூக்கி இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பழையதே ஓடும் என்கிறார். முயற்சி செய்யலாமா?


எண்ணூர் மின்பிரிவு
ஏப்ரல் 28, மாலை 5.05

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் மின்பிரிவில் இருந்தேன், 2017இல் நிலையத்தை மூடும்வரை மோட்டார்களோடுதான் என் பொழுது போனது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். சூட்டில் அது நாளடைவில் பிசினாகிவிடும், தூசியையும் இழுத்துப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, சில வாரம் ஓட்டும். ஆனால் உங்கள் ஃபேன் முதலில் அரைத்துப் பிறகு நின்றிருக்கிறது. உள்ளே தண்டும் அதைத் தாங்குகிற குழலும் தேய்ந்திருக்கும். தேய்ந்த உலோகத்தை எண்ணெய் திரும்ப வளர்க்காது.

நீங்கள் காசிமேடு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தூசி படியும்போது உதிர்கிற தூசியாக இல்லாமல் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உங்கள் மூன்றாவது படத்தில் தகடுகளின் இடையே சாம்பல் நிறத்தில் தெரிவது அதுதான். அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடியும் பூத்திருக்கிறது. ஃபேனை மட்டும் மாற்றி அதை அப்படியே விட்டால் புது ஃபேன் சுவரைப் பார்த்து ஊதுவது போலத்தான். ஃபேனைக் கழற்றிய பிறகு, ஃபேன் பக்கத்திலிருந்து மெல்லிய தூரிகையால் அந்தப் படலத்தை ஒரே துண்டாக உரித்து எடுங்கள். ஈரத் துணி கூடாது.

ப்ளோயர் வைத்து ஊதுவதாக இருந்தால், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும், மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும். ஆம்பியர் பற்றி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: 5 வோல்ட் 0.5 ஆம்பியர் என்றால் 2.5 வாட். அதைவிட மிகக் குறைந்த ஆம்பியர் போட்ட ஃபேன் வந்தால், மலிவு என்று எடுக்காதீர்கள். அந்த வேலையை அதனால் இழுக்க முடியாது.


தண்டையார்பேட்டை மேசை
ஏப்ரல் 28, இரவு 8.30

சார் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வரும் லேப்டாப்பில் பாதிக்கு இந்த உப்புக் கம்பளிதான் நோய். ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து துடைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, லேபிள் தெளிவாக இருக்கிறது. கையேட்டில் தனி கிராபிக்ஸுக்கு நேரே இருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு ரிச்சி தெருவுக்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல் சீட்டை நீட்டுங்கள். புதியதா, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள். கழற்றியது என்றால் இறக்கை நுனியில் தூசிக்கோடு தெரியும், விரலால் தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கும். ஃபேனுக்கு அதை வாங்க வேண்டாம். வேறு உதிரி என்றால் நானே கழற்றியதைப் போடுவேன், தேய்கிற பொருளுக்கு மட்டும் மாட்டேன். விரலால் சுண்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கடையிலேயே 5 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், காதருகே வைத்துக் கேளுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அதன் பிறகுதான் மற்றது. உங்கள் படத்தில் ஃபேன் தனியாக மூன்று திருகில் நிற்கிறது, ஹீட்சிங்கைத் தொடாமலே எடுத்துவிடலாம். அதை நீங்களே செய்யலாம். ஃபேன் கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வெளியே கொண்டு வாருங்கள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கருப்பு டேப் ஒட்டியிருக்கும். கிழியாமல் பாதி தூக்கி, புது ஃபேன் வைத்ததும் அதே இடத்தில் ஒட்டுங்கள். காற்று பின்னால் கசியாமல் தடுப்பது அதுதான், நிறைய பேர் குப்பை என்று உரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற ஏழு வருடத்துப் பேஸ்ட்டை மாற்றுவதும் நல்லதுதான். ஆனால் ஹீட்சிங்கை ஒரு தடவை தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்கவே கூடாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். திருகுகளையும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் வரிசைப்படிதான் இறுக்க வேண்டும். முதல் தடவை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஃபேன் போட்ட பிறகும் சூடு குறையவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்.


காசிமேட்டுக் கணக்கு
மே 4, இரவு 10.10

அண்ணா, சார், தம்பி, எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரிச்சி தெரு போனேன். முதல் இரண்டு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் எண்ணை வாசித்ததும் பெட்டியைத் திறந்து இரண்டு ஃபேன் எடுத்து வைத்தார். தயாரிப்பாளர் வேறு, எண் ஒன்று. கணக்கு நோட்டுத் தாளை விரித்து ஒவ்வொன்றையும் மேலே வைத்தோம். துளை மூன்றும் புள்ளியில் உட்கார்ந்தன. வாய் அகலம், தடிமன் எல்லாம் சரி. நான்கு வயர், 5 வோல்ட், 0.50 ஆம்பியர். ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒன்றில் லேசாக ஒரு கீச்சு இருந்தது, மற்றதை எடுத்துக்கொண்டேன். 900 ரூபாய்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி டார்ச் பிடிக்க நானே மாட்டினேன். தகட்டிலிருந்து வந்த கம்பளியை உரித்து எடுத்தபோது என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கருப்பு டேப் ஒரு மூலையில் கொஞ்சம் கிழிந்துவிட்டது, மீதியை அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். ஆன் செய்தேன். எச்சரிக்கை வரவில்லை. முதலில் ஃபேன் வேகமாக ஒரு சுற்று ஓடி, பிறகு அடங்கி மெதுவாக ஓட ஆரம்பித்தது. நான்காவது வயர் எதற்கு என்று அந்த நொடியில் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேற்றும் இன்றும் ஐந்து மணி நேரம் விடாமல் டேலி ஓடியது. முன்பு ஃபேன் நின்றிருந்தபோது 97, 98 டிகிரி காட்டியது, இப்போது 68ஐத் தாண்டவில்லை. பேஸ்ட்டைத் தொடவில்லை அண்ணா, தடைக்காலம் முடிவதற்குள் உங்களிடம் ஒரு நாள் கொண்டு வருகிறேன்.

650 ரூபாய் ஃபேனைத் திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிட்டது. இன்னும் பிரிக்காத மாதிரியே இருக்கிறது. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப் வைத்திருக்கிற யாருக்காவது பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணின் படம் கீழே இருக்கிறது, உங்கள் கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.